மூலைத் தையல்

"ஹெலன், ஞாயித்துக்கிழமை உங்க வூட்டுக்கு வர்றேன். ஒட்டுத்துணிப் போர்வைல மூலையை எப்படித் தைக்கிறீங்கன்னு நேர்ல பாக்கணும்." கோவளம் சம்சாத் பேகம் தையல் குரூப்பில் எழுதியிருந்தார்.

எனக்கு வியர்த்துவிட்டது. அது பெண்களுக்கு மட்டுமான வாட்ஸ்அப் குரூப். இரண்டு வருடமாக, தானே தைத்தவற்றை மனைவி ஹெலன் பெயரில் அதில் படம் போட்டு வருபவன், ஞானதாஸ் ஆகிய நான். ஆண் என்று தெரிந்தால் அன்றே நீக்கிவிடுவார்கள்.

"யோவ், எனக்கு ஊசில நூல் கோக்கவே வராது. அந்தம்மா கேட்டா இன்னா சொல்றது?" என்றாள் ஹெலன்.

"மூலைய முதல்ல மடிக்கணும், அப்புறம் நுனிய வெட்டணும். இத மட்டும் சொல்லிட்டு டீ குடு."

மூன்று நாள் மனப்பாடம் செய்தாள்.

ஞாயிறன்று பேகம், கணவர் கியாசுதீனோடு புதுப்பட்டினம் வந்து சேர்ந்தார். ஹெலன் போர்வையை விரித்து, "முதல்ல வெட்டணும், அப்புறம் மடிக்கணும்" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

"சூப்பரா கீதுக்கா" என்ற பேகம் டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

கியாசுதீன் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போர்வையைப் புரட்டி அடிப்பக்கத் தையலைத் தடவிப் பார்த்தார்.

"வெட்டிட்டு மடிச்சா பிசிறு வருமே சிஸ்டர்?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "மடிச்ச அப்புறம்தான் பாய் வெட்டணும்!" என்று கத்திவிட்டேன்.

கியாசுதீன் சட்டென்று என் வாயைப் பொத்தினார்.

"மெதுவா பேசு அண்ணாத்த. அட்மினுக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரையும் தூக்கிடுவாங்க!"