ஒடிந்த கம்பி

சோதனை இயந்திரம் வார்ப்பின் மாதிரிக் கம்பியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தது. படாரென்று ஒடிந்தது.

“நல்ல உருக்குன்னா நீளும், நடுவுல இடுப்பு மாதிரி சிறுக்கும், அப்புறம்தான் முறியும். இது சாக்பீஸ் மாதிரி ஒடிஞ்சிருக்கு. கார்பன் கூடிப்போச்சு,” என்றாள் சோதனைக்காரி.

“கெட்டியாத்தானே இருக்கு, மேடம்?” உலைக்காரன் கெஞ்சினான். “இந்த வார்ப்பு தேறினா நாளைக்கே நான் மேஸ்திரி. கொஞ்சம் கண்ணை மூடிக்கங்க.”

“இதுல கிரேன் கொக்கி செய்யப்போறாங்க. கொக்கி வளைஞ்சா கீழ நிக்கிறவன் பாத்துட்டு ஓடிடுவான். இது சொல்லாம கொள்ளாம தலையில விழும்.”

‘தேறவில்லை’ என்று முத்திரை குத்தினாள். வார்ப்பு மொத்தமும் மறுபடி உலைக்குப் போனது.

சாயங்காலம் சங்கு ஊதியது. அவள் வெளியே வந்தபோது வாசலில் அவன் வழிமறித்து நின்றான்.

“மேஸ்திரி வேலை போச்சு. திருப்தியா?”

“அடுத்த வார்ப்புல கார்பனைக் குறைங்க. தானா வரும்.”

அவன் முறைத்தான். பிறகு சிரித்துவிட்டான்.

“கீழ நிக்கிறவன் தலை தப்பிச்சுது, போ. சரி, வண்டியில ஏறு. புள்ளைங்ககிட்ட மட்டும் சொல்லிடாத.”

“எதை?”

“அப்பாவை அம்மா ஃபெயிலாக்கினதை.”