விட்டுப்போன எழுத்து

செல்போன் திடீரென்று அலறியதில் அவள் கையிலிருந்த காபி தளும்பி மேஜையில் சிந்தியது.

"கம்பெனி அட்மின் பேசறேம்மா. வீட்டிலிருந்தே, நம்ம புரோகிராமெல்லாம் சேத்து வச்சிருக்கிற ரெப்போவுக்குள்ள போக வழி கேட்டிருந்தீங்களே?"

"தெய்வம் மாதிரி வந்தீங்க சார்! மத்தியானத்துக்குள்ள என் புரோகிராமை அதுல ஏத்தலைன்னா, சேர்ந்த வாரமே வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு மேனேஜர் குதிக்கிறார்."

கணவன் ஆபீஸ் போய்விட்டான். வீட்டில் அவள் மட்டும்தான். சுவரைப் பார்த்துப் போட்டிருந்த மேஜை முன், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல லேப்டாப்பில் அடித்தாள்.

"இப்ப உங்க லேப்டாப்புல ரெண்டு சாவி ஃபைல் உருவாகும், உள்ள நுழைய அதுதான் அடையாளம். ஒண்ணை எனக்கு அனுப்புங்க. இன்னொண்ணு ரகசியம், உங்க மெஷினை விட்டு வெளியே போகவே கூடாது. அதைப் பூட்டி வைக்க ஒரு கடவுச்சொல் போடுங்க. எங்கிட்டகூடச் சொல்லாதீங்க."

போட்டாள். "சார், அடிக்கிற எழுத்து ஒண்ணுகூட ஸ்கிரீன்ல வரலையே?"

"வராதும்மா. யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னுதான் அப்படி. மறுபடியும் அதையே அடிங்க."

"கல்யாணத்துக்குக்கூட என்னை ரெண்டு தடவை கேக்கலை சார்!"

சிரித்துக்கொண்டே அடித்தாள். இரண்டும் பொருந்தவில்லை என்றது லேப்டாப்.

"கடைசியில எட்டை விட்டுட்டீங்க," என்றார் அவர்.

"அட, ஆமா!" என்று மீண்டும் அடிக்கப் போனவளின் விரல்கள் பாதியில் நின்றன.

"அதுதான் ஸ்கிரீன்லயே வராதே சார்... கேமராவையும் நான் டேப் ஒட்டி மூடியிருக்கேன். எப்படித் தெரிஞ்சது?"

"கேமரா எதுக்கும்மா? கொஞ்சம் தள்ளி உட்காருங்க, உங்க தோள் மறைக்குது."