கீழ்த்தட்டில் ரோமாபுரி

அந்த அம்மாள் மறுபடியும் திருட்டுப் புத்தகத்தோடு வந்துவிட்டாள் என்றுதான் ஜெகதீசன் நினைத்தான். கடை ஷட்டரை அவன் இன்னும் முழுசாகத் தூக்கக்கூட இல்லை. அதற்குள் முந்தானையை விலக்கி, அதே கனத்த ஊதா அட்டைப் புத்தகத்தை நீட்டினாள்.

மாமல்லபுரத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் படித்துவிட்டுப் போட்டுப்போகும் கதைப் புத்தகங்கள்தான் அவன் கடைச் சரக்கு. இது அந்த ரகமில்லை. பழைய ரோமாபுரியில் கவிஞர்கள் ராஜாக்களிடம் எப்படிப் பிழைத்தார்கள் என்று ஆராய்கிற புத்தகம், புரொபசர்கள் படிக்கிறது என்று பொத்தேரி காலேஜ் மாணவி ஒருத்தி அவனுக்குச் சொல்லியிருந்தாள்.

"இத்தோட எத்தினி தபாமா? எங்கேந்து தூக்கினு வர்ற?"

"எங்க வீட்லேருந்துதாங்க. ஒரு பெட்டி நிறைய இருக்கு."

"யார் வூட்லமா ஒரே புக்கு பொட்டி ரொம்ப கீது?"

அவள் புத்தகத்தை இன்னும் கிட்ட நீட்டினாள். கொண்டுவந்த அத்தனை பிரதியிலும் வழவழப்பான மேலுறையை மட்டும் யாரோ கழற்றியிருந்தார்கள். லைப்ரரி அடையாளத்தை மறைக்கத்தான் இருக்கும். காசும் வாங்கிக்கொள்ள மாட்டாள், கீழ்த்தட்டில் வைத்தால் போதும் என்பாள். அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது. திருட்டுப் புத்தகம் வாங்கியதாக ஒருமுறை ஸ்டேஷன் வாசலில் நாள் முழுக்க நின்றவன் அவன்.

"எடுத்துனு போம்மா. என்னை பேஜார்ல மாட்டி வுடாத."

அவள் முகம் வெளுத்தது. "இன்னிக்கு ஒரு நாள் வைங்க. அவர் எதிர் டீக்கடையிலதான் இருக்கார்."

எவர் என்று அவன் கேட்பதற்குள் அந்தப் பெரியவர் படியேறி வந்துவிட்டார். அவனுக்குத் தெரிந்த முகம்தான். அந்தப் புத்தகத்தை ஒவ்வொரு தடவையும் ஆசையாக வாங்கிக்கொண்டு போகிறவர். சலவைச் சட்டை, பித்தான்களை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார். அந்த அம்மாள் சட்டென்று புத்தகத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

பெரியவர் நேராகக் கீழ்த்தட்டின் முன் குந்தினார்.

"ரோமாபுரிக் கவிஞர்களைப் பத்தி ஒரு புஸ்தகம். எங்கயோ பார்த்தேன். இங்கதானே?"

"இல்ல சார்."

"இருந்துதே!"

"இல்ல சார், அது வர்றதில்ல."

பெரியவர் தட்டிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே போட்டார். "எடுத்துட்டாங்க. எனக்குன்னு இருந்ததை எல்லாம் எடுத்துட்டாங்க" என்று முனகினார். பிறகு செருப்பை விட்டுவிட்டு, வெயிலில் கடற்கரைப் பக்கம் விடுவிடுவென்று நடந்தார்.

அந்த அம்மாள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறினார். மல்லுக்கட்டி அவரைக் கடை நிழலுக்குக் கொண்டுவந்து ஸ்டூலில் உட்காரவைப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"உன் வூட்டுக்காரராமா?" ஜெகதீசனின் குரல் இறங்கியிருந்தது.

தலையாட்டினாள். "எதுவும் நினைவுல தங்கறதில்லைங்க. இந்தப் புஸ்தகத்தைத் தேடறது மட்டும் போகலை. முன்ன ஒரு நாள் கிடைக்கலைன்னு கிளம்பினவரை, திருவிடந்தை கடற்கரையில மீன்பிடிக்கிறவங்கதான் பார்த்து உட்கார வெச்சிருந்தாங்க. இடுப்பளவு தண்ணியில இறங்கிட்டாராம்."

"பொட்டி ரொம்ப கீதுன்ற. வூட்லயே கையில குடுக்கிறதுதான?"

"நான் குடுத்தா வாங்க மாட்டார். எதையோ மறைச்சு ஏமாத்தறேன்னு கத்துவார். தானா தேடி எடுத்தாதான் அவருக்கு நிம்மதி. ரெண்டு நாள் மார்போட அணைச்சு வெச்சிப்பார். அப்புறம் அதையும் மறந்துட்டு, மறுபடியும் தேடக் கிளம்பிடுவார்."

இத்தனை நாளும் மனசுக்குள் அவளைத் திருடி திருடி என்று சொல்லிக்கொண்டிருந்த ஜெகதீசன், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கையை மட்டும் நீட்டினான். புத்தகம் கைமாறியது. கீழே இறைந்து கிடந்தவற்றை அடுக்குகிற சாக்கில் அதைக் கீழ்த்தட்டின் நடுவில் செருகினான்.

"சார், நான்தான் சரியா பாக்காம சொல்லிட்டேன். நீங்களே இன்னொரு தபா பாருங்க."

பெரியவர் சந்தேகத்தோடு எழுந்து வந்தார். விரல் ஒவ்வொரு புத்தக முதுகாகத் தடவிக்கொண்டே போய் ஊதா அட்டையில் நின்றது.

"இதோ! நான் சொல்லலே?"

அங்கேயே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து புரட்டினார். ஒரு பக்கத்தை உதட்டுக்குள் படித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் கண்கள் தெளிவாக இருந்தன.

"ராஜாவை ஒசத்திப் பாடற வரியிலதான் கவிஞனோட பயம் இருக்காம். எப்படிக் கண்டுபிடிச்சிருக்கான் பாருங்க! இத்தனை வருஷமா என் மனசுல இருந்ததை அப்படியே எழுதியிருக்கான். யாருன்னு தெரிஞ்சா போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுவேன்."

"யார் சார் எழுதினது?" ஏதாவது பேசவேண்டுமே என்றுதான் ஜெகதீசன் கேட்டான்.

அந்த அம்மாள் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பெரியவர் முதல் பக்கத்தைத் திருப்பினார். கண்ணருகே வைத்து எழுத்துக்கூட்டிப் பார்த்தவர், குழந்தை மாதிரி கைதட்டிச் சிரித்தார்.

"கல்யாணி, இங்க பாரேன்! இவனுக்கும் என் பேருதான்!"