முட்டு

போக்கர் சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்டச் சில்லுகளைச் சேகரிப்பவர்களின் கூட்டத்தில், ஜெயராணி கொண்டுவந்திருந்த பச்சை நிறக் களிமண் சில்லைக் குலசேகரன் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "போலி. மேசைக் காலுக்கு முட்டுக் குடுக்கத்தான் இது லாயக்கு." எல்லோரும் சிரித்த சிரிப்பு அவள் காதை விட்டுப் போகவே இல்லை. மான் முத்திரை பதித்த அந்தச் சில்லு அசல் என்பதும், தன் சேகரிப்பில் அது ஒன்றுதான் குறை என்பதும் அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போது ஒரு பை நிறைய ஆப்பிளோடு அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பச்சை சில்லு இருக்கா மேடம்?"

"நீங்க சொன்ன இடத்துலதான் சார் இருக்கு."

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. ஓரம் மழுங்கிவிடுமென்று எந்தச் சில்லையும் பட்டுத்துணியால் மட்டுமே தொடுகிற மனிதர், குனிந்தார், மண்டியிட்டார், கடைசியில் தரையில் கன்னம் பதியப் படுத்தேவிட்டார். மேசைக் காலுக்கு அடியில் மானின் கொம்பு மட்டும் வெளியே தெரிந்தது.

"கொஞ்சம் தூக்குங்களேன் மேடம்," என்று கீழிருந்து குரல் வந்தது.

"காபி சிந்திடும் சார்," என்ற ஜெயராணி, இரண்டு முழங்கைகளையும் மேசைமேல் நன்றாக ஊன்றிக்கொண்டாள்.