காலி மாத்திரை அட்டை

சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் பாட்டில் இருந்தது. அதன் அடியில் ஒரு காலி மாத்திரை அட்டை செருகியிருந்தது. கோமளவல்லிக்குக் குமட்டலும் செரிமான மந்தமும் வந்தபோது டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை. அவர் சொன்ன நாள் முடிந்து வெகுகாலம் ஆகிறது. அவளோ மருந்துக்கடையில் அந்த அட்டையைக் காட்டிக் காட்டி, அதே மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“உள்ளே ஒன்றுமில்லை, ஆனாலும் என்னைத் தூக்கிப் போடவில்லை பார்!” என்றது அட்டை.

பாட்டிலுக்கு வேறொரு யோசனை. “அவள் இப்போது என்ன சாப்பிடுகிறாள்?”

“ஒன்றுமில்லையே. டிவி பார்க்கிறாள்.”

“அப்புறம் ஏன் வாய் மென்றுகொண்டே இருக்கிறது?”

அட்டை எட்டிப் பார்த்தது. வெறும் வாய்தான். உதடு தானாகச் சுழித்தது.

“உன் நினைப்பாக இருக்கும்.”

“என்னை நினைத்தால் வாய் ஊறும், மெல்லாது. இது நீ வந்த பிறகுதான்.”

அட்டை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

மாலையில் மருந்துக்கடைக்குக் கிளம்பிய கோமளவல்லி, அட்டையை எடுக்கப் பாட்டிலைத் தூக்கினாள். மின்விசிறிக் காற்று அடித்தது. அட்டை மேசையைப் பிடித்துக்கொள்ளவில்லை. பறந்துபோய், டீத்தூள் சக்கை கிடந்த குப்பைக்கூடையில் விழுந்தது.

அவள் மேசைக்கடியில் தேடினாள். “மாத்திரை பேரு வேற ஞாபகமில்ல. சரி, டாக்டரையே பாத்துட்டு வந்துடறேன்” என்று செருப்பை மாட்டினாள்.

கதவு சாத்தியதும் கூடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“காலையில் குப்பை வண்டி வந்துவிடும். அதற்குள் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டுச் சொல்லிவிடு.”