எல்லாக் கட்டிலுக்கும் ஒரே மணி

"ஐயோ, ஆறாம் கட்டில்காரர் போயிட்டாருடா!" அக்கா அலறினாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"போனா போகட்டும், அடுத்த ஆள் வருவார். ஒன்பதைப் பாரு, சிவப்பாயிடுச்சு!" என்றான் தம்பி, பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டே.

போனது பொம்மை நோயாளிதான். பிரவுசரில் ஓடும் விளையாட்டு அது. தம்பி தன் கம்பெனிக்காகச் செய்தது. ஆடுகிறவர்தான் நர்ஸ். மணி அடிக்கிற கட்டிலுக்கு நேரத்துக்குள் மருந்து போய்ச் சேராவிட்டால் ஆள் காலி.

அக்கா நிஜத்திலேயே நர்ஸ். இத்தனை நாளும் அவன் விளையாட்டை ஏறெடுத்தும் பார்க்காதவள், இன்று டியூட்டி முடிந்து வந்ததும் யூனிபாரத்தைக்கூட மாற்றாமல், "உன் விளையாட்டைக் காட்டுடா" என்று உட்கார்ந்துவிட்டாள்.

காரணம் தம்பிக்குத் தெரியாதா என்ன? அப்பாவுக்கு நாளைக்கு ஆபரேஷன், அக்கா வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில். பாவம், பயத்தை மறக்க ஆடுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"ஏண்டா, நெஞ்சுவலிக்கும் தண்ணி கேக்குறதுக்கும் ஒரே மணியா வைப்பே?"

"அப்பதானேக்கா குழம்புவாங்க."

"பத்தைத் தொட்டா பதினொண்ணு திறக்குது!"

"வேணும்னேதான் நெருக்கி வச்சிருக்கேன். ஆடுறவங்க பதறணும். அதுலதான் ருசியே."

"அஞ்சாறு பேர் சேர்ந்து கூப்பிட்டா, முதல்ல கூப்பிட்டவர் எங்கடா காணோம்?" அக்கா திரையை மேலும் கீழும் நகர்த்தித் தேடினாள்.

"புதுசு வந்தா பழசு அடியில ஒளிஞ்சுக்கும். அது என் சொந்த மூளை!" தம்பி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "எங்க முதலாளிக்கு இந்த அருமையெல்லாம் எங்க தெரியுது? போன வாரம் வந்து, ஆடுறவங்களுக்கு விழுற மார்க்கை எடுத்துடு, ஒவ்வொரு கட்டிலுக்கும் பேர் எழுத இடம் விடுங்குறார். மார்க் இல்லாம எவன் ஆடுவான்? ஏன்னு கேட்டா, சொன்னதைச் செய்னு எரிஞ்சு விழுறார். செஞ்சு கொடுத்துத் தொலைச்சேன்."

அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். திரையில் கட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தன, மணி விடாமல் கத்தியது.

"நிறுத்துடா இதை!"

"நிறுத்துற பட்டனே வைக்கலையேக்கா" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். அவளை இப்படி அவன் பார்த்ததே இல்லை. தோளைத் தொட்டான். "எதுக்கு இப்படிப் பதறுறே? இது வெறும் விளையாட்டுக்கா. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது."

அக்கா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"அப்பா படுக்கப்போற வார்டுல, நோயாளிங்க நர்ஸைக் கூப்பிடுறதுக்குன்னு, இன்னிக்குக் காலையில உங்க கம்பெனிக்காரங்க இதைத்தான்டா மாட்டிட்டுப் போனாங்க!"