சாயாத வண்டி

அடுப்பும் படுக்கையுமாய் ஓடிவந்த கேரவன், காட்டோரப் பள்ளத்தில் சாய்ந்து நின்றது. புதரில் கிடந்த பலகைக்கல்லை இழுத்துவந்து, கணவன் சக்கரத்துக்கு அண்டக்கொடுத்தான்.

“இனி டீ சிந்தாது. வா, உங்க தாத்தா கல்லைத் தேடுவோம்!”

மனைவியின் தாத்தா போரில் இறந்தபோது, கூட இருந்த சிப்பாய்கள் இங்கேதான் பெயர் வெட்டிக் கல் நட்டார்களாம். இப்போது யாருக்கும் இடம் தெரியவில்லை. இருவரும் சாயங்காலம்வரை காட்டைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். முள் கிழித்ததுதான் மிச்சம்.

“விடு, அடுத்த வருஷம் பார்ப்போம்.”

அவன் வண்டியை நகர்த்தினான். கல்லை ஓரமாய்ப் புரட்டிப்போட்ட மனைவி அலறினாள்.

“ஏங்க, ஓடிவாங்க!”

“என்ன, பாம்பா?”

“தாத்தாங்க! காலையிலேருந்து நம்ம வண்டியைத் தாங்கிப் பிடிச்சுட்டு இருந்திருக்காரு!”